வெப் ஃபார்மில் வேகமாகத் தகவல் ஏற்ற: ஷீட்டிலிருந்து சப்மிட் வரை ப்ளேரைட் ஸ்கிரிப்ட்

பெங்களூரு பீன்யா பக்கம் எந்தச் சின்ன மெஷின் ஷாப்பில் நுழைந்தாலும் அக்கவுண்ட்ஸ் மேசையில் இந்த வேலை நடந்துகொண்டிருக்கும். பெரிய கம்பெனிக்குச் சரக்கு போயாயிற்று. இனி அவர்களுடைய வெண்டர் போர்ட்டலில் இன்வாய்ஸை ஏற்ற வேண்டும். இன்வாய்ஸ் எண், தேதி, பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) எண், ஜிஎஸ்டி எண், எச்எஸ்என் (சரக்கு வகைக் குறியீடு), தொகை, வரி, பிடிஎஃப் என்று ஒரு பில்லுக்குப் பத்துப் பதினைந்து பெட்டிகள். அத்தனையும் ஏற்கெனவே எக்செல்லில் இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து மறுபடி தட்டுவதில் பாதி நாள் போகும்.

பைத்தானில் லூப் எழுதத் தெரிந்த யாரும் இதை ஸ்கிரிப்ட்டிடம் விட்டுவிடலாம். பிரவுசரைத் தானாக இயக்கும் ப்ளேரைட் என்ற நூலகம் அதற்கு உதவும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கோடிலிருந்து ஆரம்பித்து, கடைசியில் ஷீட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஏழாவது படிக்குத் தாவ ஆசையாக இருந்தாலும் நான்காவதை முடித்துவிட்டுப் போங்கள்.

கட்டளைப் பெயர்களை உச்சரிப்பாக மட்டுமே தந்திருக்கிறேன். ஐந்தாம் படியில் ரெக்கார்டர் எழுதித் தரும் கோப்பில் பல சரியான எழுத்தில் இருக்கும்.

1. ஸ்கிரிப்ட் தேவைதானா?

பல போர்ட்டல்களில் மொத்தமாக ஏற்றும் வசதி இருக்கும். மெனுவில் எங்காவது மூலையில் 'பல்க் அப்லோட்' என்று கிடக்கும். இருந்தால் ஸ்கிரிப்ட்டை மறந்துவிடுங்கள். டெம்ப்ளேட்டை நிரப்பி ஏற்றினால் எந்த வரியில் தப்பு என்று பெரும்பாலும் போர்ட்டலே சொல்லிவிடும். ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு ஆஃப்லைன் டூல் இருக்கிறது. இ-வே பில்லை ஜேசன் கோப்பாக மொத்தமாக ஏற்றலாம். அங்கெல்லாம் பெட்டி பெட்டியாக நிரப்ப ஸ்கிரிப்ட் எழுதுவது வீண் வேலை.

அடுத்தது அனுமதி. போர்ட்டலின் விதிமுறையில் தானியங்கி நுழைவு கூடாது என்று இருந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். விதிமுறை எதுவும் சொல்லவில்லை என்றால், கஸ்டமரின் பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு மெயில் போட்டுப் பதில் வாங்கி வையுங்கள். நாளைக்கு உங்கள் வெண்டர் லாகின் முடக்கப்பட்டால் காட்ட அந்தப் பதில்தான் இருக்கும். கேப்சாவை உடைக்கும் வேலைக்குப் போகாதீர்கள். தட்கல் டிக்கெட்டுக்கு இதே மாதிரி ஒன்று எழுதித் தரச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. அப்படி டிக்கெட் எடுத்து விற்றவர்களை ரயில்வே பாதுகாப்புப் படை கைது செய்திருக்கிறது. அந்தப் பக்கமே வேண்டாம்.

மாதத்துக்கு எட்டுப் பத்து பில்தான் என்றால் கையாலேயே தட்டிவிடுங்கள்.

2. முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டியவை

பைத்தானை நிறுவும்போது முதல் திரையில் கீழே 'பாத்' என்று ஒரு டிக் பெட்டி வரும். அதைப் போடாமல் விட்டால் பிறகு எந்தக் கட்டளையும் 'தெரியவில்லை' என்றே பதில் சொல்லும். விண்டோஸில் முதல் நாளே எல்லோரும் இடறும் இடம் இது.

பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டில் இரண்டு கட்டளைகள். 'பிப் இன்ஸ்டால் ப்ளேரைட்' நூலகத்தைக் கொண்டுவரும். 'ப்ளேரைட் இன்ஸ்டால் குரோமியம்' அதற்கான பிரவுசரை இறக்கும். இரண்டாவதை மறந்துவிட்டு ஸ்கிரிப்ட்டை ஓட்டினால் பிரவுசர் கோப்பையே காணோம் என்று பிழை வரும். எக்செல் படிக்க 'ஓபன்பைஎக்செல்' என்ற நூலகத்தையும் சேர்த்து நிறுவிக்கொள்ளுங்கள்.

இதே வேலைக்கான இன்னொரு நூலகமான செலினியம் பழகியவர்கள் அதிலேயே செய்யலாம், தப்பில்லை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் ப்ளேரைட்டைச் சொல்வதற்குக் காரணம், ஒரு பெட்டி திரையில் வந்து தட்டத் தயாராகும் வரை அது தானாகவே காத்திருக்கும். செலினியத்தில் அந்தக் காத்திருப்பை நீங்களே எழுத வேண்டும். புதியவர்களின் ஸ்கிரிப்ட் உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

கடைசியாக, சோதித்துப் பார்க்க ஓர் இடம். கஸ்டமரிடம் டெஸ்ட் போர்ட்டல் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், 'டிராஃப்ட்டாகச் சேமி' என்ற பட்டன் இருக்கிறதா பாருங்கள். அதுவும் இல்லாத போர்ட்டலில் எட்டாம் படியை இரண்டு மடங்கு கவனத்தோடு செய்ய வேண்டும்.

3. ஒருமுறை கையால் நிரப்பிக் குறித்து வையுங்கள்

பக்கத்தில் ஒரு தாள். ஒரு நிஜ இன்வாய்ஸை முதல் பெட்டியிலிருந்து கடைசி வரை நிரப்புங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் நான்கு விஷயம் குறியுங்கள்: அது என்ன வகை (எழுத்து, தேதி, டிராப்டவுன், டிக்), கட்டாயமா, எத்தனை எழுத்து கொள்ளும், அதை நிரப்பியதும் திரையில் வேறு எது மாறுகிறது.

நான்காவதுதான் முக்கியம். 'பிளான்ட்' டிராப்டவுனை மாற்றியதும் பி.ஓ. பட்டியல் புதிதாக வரும். அதற்கு முன் நிரப்பிய இன்வாய்ஸ் தேதி காலியாகிவிடும். கையால் நிரப்புகிறவர் கண்ணில் பட்டு மறுபடி தட்டிவிடுவார். ஸ்கிரிப்ட்டுக்குக் கண் கிடையாது. ஆகவே மற்ற பெட்டிகளை மாற்றும் பெட்டிகளை முதலில் நிரப்புவது என்று வரிசை போடுங்கள். ஷீட்டில் காலம்கள் (நெடுவரிசைகள்) எந்த வரிசையில் இருந்தாலும் கவலையில்லை.

இரண்டாவது முறை மவுஸைத் தொடாமல் டேப் விசையால் மட்டும் நிரப்பிப் பாருங்கள். எந்தப் பெட்டியை விட்டு வெளியேறும்போது கணக்கு போடுகிறது, எங்கே சுழலும் வட்டம் வருகிறது என்பதெல்லாம் இப்போதுதான் பிடிபடும்.

4. ஷீட்டைச் சுத்தம் செய்யுங்கள்

நேரத்தைத் தாராளமாகச் செலவழிக்க வேண்டிய படி இது. ஸ்கிரிப்ட் தப்பான தகவலையும் அதே வேகத்தில் ஏற்றும்.

முதலில் எண்கள். எக்செல் 15 இலக்கம் வரைதான் எண்ணைச் சரியாக வைத்திருக்கும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை ஒட்டினால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் சுழியமாகிவிடும். முன்னால் இருக்கும் சுழியமும் நிற்காது: காபிக்கான எச்எஸ்என் 0901, ஷீட்டில் 901 ஆகிவிடும். ஒட்டிய பிறகு காலத்தை 'டெக்ஸ்ட்' என்று மாற்றுவதால் போனது திரும்பாது. காலியாக இருக்கும்போதே டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு, அதன்பிறகு ஒட்ட வேண்டும்.

தொகையில் கமாவும் ரூபாய்க் குறியும் இருக்கக் கூடாது. 1,18,000.00 என்று இருப்பது 118000.00 ஆக வேண்டும். எண் வகைப் பெட்டிக்குள் கமாவோடு அனுப்பினால் ப்ளேரைட் பிழை காட்டி நின்றுவிடும். சாதாரண எழுத்துப் பெட்டியாக இருந்தால் பிழைகூடக் காட்டாமல் ஏற்றிவிடும்; அதுதான் ஆபத்து.

தேதி. பிரவுசரின் சொந்தத் தேதிப் பெட்டி திரையில் 05/04/2025 என்று காட்டினாலும் உள்ளே 2025-04-05 என்றுதான் வைத்திருக்கும், ஸ்கிரிப்ட்டும் அப்படியே தர வேண்டும். போர்ட்டல் தானே செய்த காலண்டர் பெட்டி என்றால் அது எந்த வடிவம் கேட்கிறதோ அது. ஷீட்டில் அந்தத் தேதி ஏப்ரல் 5-ஆ மே 4-ஆ என்பதில் சந்தேகம் இருந்தால் இப்போதே தீர்த்துவிடுங்கள். கம்ப்யூட்டரின் ரீஜன் அமெரிக்கா என்று இருந்தால் எக்செல் மாதத்தையும் நாளையும் மாற்றிப் படிக்கும்.

ஃபார்முலா உள்ள காலம்கள். தொகை என்பது அளவு பெருக்கல் விலை என்று ஃபார்முலாவில் இருந்தால், ஓபன்பைஎக்செல் விடையைத் தராமல் ஃபார்முலாவையே எழுத்தாகத் தரும். போர்ட்டலின் தொகைப் பெட்டியில் சமக்குறியோடு ஃபார்முலா போய் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். கோப்பைத் திறக்கும்போது 'டேட்டா ஓன்லி' என்பதை ட்ரூ என்று கொடுங்கள். அப்போது எக்செல் கடைசியாகச் சேமித்த விடை வரும். அதனால் எக்செல்லில் ஒருமுறை திறந்து சேமித்த கோப்பாக இருக்க வேண்டும்.

ஜிஎஸ்டி எண்ணுக்குத் தனிக் கவனம். மொத்தம் 15 எழுத்து: முதல் இரண்டு மாநிலக் குறியீடு, அடுத்த பத்து பான் எண், பதின்மூன்றாவது பதிவு வரிசை, பதினான்காவது பொதுவாக இஸட், கடைசி சரிபார்ப்பு எழுத்து. ஓ-வும் சுழியமும் மாறிக் கிடப்பது சகஜம். பான் பகுதியில் முதல் ஐந்து எழுத்து, அடுத்த நான்கு எண், கடைசி ஒன்று எழுத்து என்ற ஒழுங்கை வைத்துப் பார்த்தாலே பாதி பிடிபடும்.

மாநிலக் குறியீட்டை ஜிஎஸ்டி வரி வகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கர்நாடகத்துக்கு 29, தமிழ்நாட்டுக்கு 33. நம் ஊர்க் கதையே எடுத்துக்கொள்வோம்: ஒரே கஸ்டமருக்கு பெங்களூருப் பக்கம் பொம்மசந்திராவில் ஒரு பிளான்ட், எல்லை தாண்டி ஓசூரில் ஒரு பிளான்ட். பான் ஒன்றுதான், ஜிஎஸ்டி எண் இரண்டு. 1,00,000 ரூபாய்ச் சரக்கு 18 சதவீத வரியில் பொம்மசந்திராவுக்குப் போனால், ஒரே மாநிலம் என்பதால் சிஜிஎஸ்டி 9,000, எஸ்ஜிஎஸ்டி 9,000. ஓசூருக்கு பில் போட்டு அங்கேயே இறக்கினால், மாநிலம் தாண்டுவதால் ஐஜிஎஸ்டி 18,000. மொத்தத் தொகை இரண்டிலும் 1,18,000 என்பதால் தொகையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கஸ்டமரின் ஜிஎஸ்டி எண் 33-இல் தொடங்கி, எஸ்ஜிஎஸ்டி காலத்தில் தொகை இருந்தால் அந்த பில்லை நிறுத்தி வை என்று ஒரு விதி போட்டுவிடுங்கள்.

இன்வாய்ஸ் எண் 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்பது ஜிஎஸ்டி விதி. அதையும் சரிபார்ப்பில் சேருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் அடுத்த தொல்லை. வாட்ஸ்அப்பிலிருந்தோ பிடிஎஃப்பிலிருந்தோ ஒட்டிய பி.ஓ. எண்ணின் ஓரத்தில் இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும். அதிலும் உடையா இடைவெளி என்று ஒரு வகை உண்டு. எக்செல்லின் ட்ரிம் ஃபார்முலா அதை எடுக்காது. பைத்தானின் 'ஸ்ட்ரிப்' இரண்டு ஓரத்திலும் அதை எடுத்துவிடும். நடுவில் இருப்பதை நீங்களாகத்தான் மாற்ற வேண்டும்.

கேட் பாஸ், கான்ட்ராக்ட் ஆட்கள் பதிவு மாதிரி ஃபார்ம் என்றால் பெயர் ஒரு தலைவலி. இந்த ஊர் ஃபார்ம்கள் முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டையும் கட்டாயமாகக் கேட்கும். நம் ஆட்கள் பட்டியலிலோ 'எஸ். முருகன்' என்று இருக்கும். ஒருவர் இனிஷியலைக் கடைசிப் பெயராகப் போடுவார், இன்னொருவர் அப்பா பெயரை விரித்து எழுதுவார், மூன்றாமவர் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போவார். ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே என்று ஒரே விதி வைத்து, ஷீட்டிலேயே இரண்டு காலமாகப் பிரித்துவிடுங்கள். கேட்டில் செக்யூரிட்டி ஒப்பிடுவது ஆதாரோடுதான்.

தமிழிலேயே பெயர் ஏற்ற வேண்டிய ஃபார்ம்களும் உண்டு. சங்க உறுப்பினர் பட்டியல் போன்றவை. பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு என்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஃபார்மில் ஆங்கில எழுத்துக் குப்பையாக விழும். நீளத்தையும் பாருங்கள். 'கிருஷ்ணமூர்த்தி' நம் கணக்கில் 8 எழுத்து. பிரவுசர் புள்ளி, கொம்பு, கால் எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணி 15 என்று சொல்லும். 20 எழுத்து வரம்புள்ள பெட்டியில் அப்பா பெயரும் சேர்ந்தால் வால் வெட்டுப்படும்.

இந்த விதிகளையெல்லாம் தனியாக ஒரு சரிபார்ப்பு ஸ்கிரிப்ட்டாக எழுதுங்கள். அது பிரவுசரைத் திறக்கவே கூடாது. எந்த வரி, எந்தக் காலம், என்ன தப்பு என்று மட்டும் சொல்ல வேண்டும். ஒரு தப்புகூட இல்லை என்று அது சொன்ன பிறகுதான் அடுத்த படி.

5. ரெக்கார்டரை ஓட்டுங்கள்

'ப்ளேரைட் கோட்ஜென்' என்று தட்டி, பக்கத்தில் போர்ட்டல் முகவரியைக் கொடுத்தால் இரண்டு ஜன்னல் திறக்கும். ஒன்றில் நீங்கள் ஃபார்மை நிரப்ப நிரப்ப, மற்றொன்றில் அதற்கான பைத்தான் வரிகள் விழும். ஃபார்மின் உள் அமைப்பைத் தோண்டாமலேயே ஒவ்வொரு பெட்டியையும் எப்படிக் குறிப்பிடுவது என்று தெரிந்துவிடும்.

அதை அப்படியே பயன்படுத்தாதீர்கள். நீங்கள் தட்டிய பாஸ்வேர்டும் அந்தக் கோப்பில் பச்சையாக இருக்கும். முதல் வேலையாக லாகின் வரிகளை அழியுங்கள். பிறகு, பெட்டிக்குள் நுழைய அழுத்திய தேவையில்லாத கிளிக்குகளை அழியுங்கள்.

மிச்சமிருக்கும் வரிகளில் பெட்டியை எதை வைத்துப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். பெட்டிக்கு மேலே எழுதியிருக்கும் பெயரை வைத்து ('கெட் பை லேபிள்') பிடித்திருந்தால் நல்லது. 'ஃபீல்டு' என்ற சொல்லோடு நான்கைந்து இலக்கம் ஒட்டிய அடையாளமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பக்கத்தை ஒருமுறை ரீலோட் செய்துவிட்டு மறுபடி ரெக்கார்ட் செய்யுங்கள். எண் மாறியிருந்தால் அந்த அடையாளம் உதவாது.

ஃபார்ம் வேறொரு பக்கத்தின் சட்டத்துக்குள், அதாவது ஐஃபிரேமுக்குள் இருந்தால் ரெக்கார்டரே 'ஃபிரேம்' என்ற சொல்லைச் சேர்த்துத் தரும். கையால் திருத்தும்போது அதை வெட்டிவிடாதீர்கள்.

6. லாகினை ஸ்கிரிப்ட்டிடம் கொடுக்காதீர்கள்

ஓடிபி, கேப்சா இரண்டும் மனிதர் செய்ய வேண்டியவை. ஸ்கிரிப்ட்டுக்கென்று தனியாக ஒரு ஃபோல்டர் ஒதுக்கி, 'லாஞ்ச் பெர்சிஸ்டன்ட் கான்டெக்ஸ்ட்' கட்டளையால் பிரவுசரை அந்த ஃபோல்டரோடு திறங்கள். முதல்முறை கையால் லாகின் செய்யுங்கள். போர்ட்டல் வெளியே தள்ளும் வரை, அடுத்தடுத்த முறை திறக்கும்போதும் பெரும்பாலும் உள்ளேயே இருப்பீர்கள்.

பைத்தானில் ப்ளேரைட் இயல்பாக ஜன்னல் இல்லாமல்தான் ஓடும். 'ஹெட்லெஸ்' என்பதை ஃபால்ஸ் என்று கொடுத்தால்தான் திரையில் தெரியும். லாகின் செய்ய ஜன்னல் வேண்டுமே.

தினசரி பயன்படுத்தும் குரோமிலேயே ஸ்கிரிப்ட்டைக் கோத்துவிடலாம் என்று பழைய யூடியூப் வீடியோக்கள் சொல்லும். 2025-இல் வந்த குரோம் 136-லிருந்து, வழக்கமான ப்ரொஃபைல் ஃபோல்டரில் ரிமோட் டீபக்கிங் (வெளியிலிருந்து ஸ்கிரிப்ட் பிரவுசரை இயக்கும் வழி) வேலை செய்யாது. நல்ல மாற்றம்தான், உங்கள் பேங்க் லாகினும் மெயிலும் அந்த ப்ரொஃபைலில்தானே இருக்கின்றன.

லாகின் தங்கியிருக்கும் அந்த ஃபோல்டர் பாஸ்வேர்டுக்குச் சமம். பென்டிரைவில் போட்டுப் பக்கத்து சீட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

7. பெட்டிகளை நிரப்புதல்

எழுத்துப் பெட்டிக்கு 'ஃபில்' போதும். முழுச் சொல்லையும் ஒரே அடியில் வைத்துவிடும். வேகம் இதில்தான் கிடைக்கிறது. ஆனால் சில பெட்டிகள் ஒவ்வொரு எழுத்தும் விழுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும். பி.ஓ. எண்ணின் முதல் மூன்று எழுத்தைத் தட்டியதும் கீழே பட்டியல் விரியும் பெட்டி அப்படிப்பட்டது. அதற்கு 'பிரஸ் சீக்வென்ஷியலி' என்று எழுத்தெழுத்தாகத் தட்டும் கட்டளை. எல்லாப் பெட்டிக்கும் இதையே போடுகிறவர்கள் உண்டு, வேகம் போய்விடும்.

நிரப்பினால் மட்டும் போதாது, வெளியே வந்தால்தான் கணக்கு போடுவேன் என்று அடம் பிடிக்கும் பெட்டிகளை மூன்றாம் படியில் குறித்திருப்பீர்கள். அவற்றில் நிரப்பிய பின் டேப் விசையை அழுத்தச் சொல்லுங்கள்.

டிராப்டவுனில் இரண்டு சாதி. பிரவுசரின் சொந்த டிராப்டவுன் என்றால் 'செலக்ட் ஆப்ஷன்'. போர்ட்டல் அலங்காரமாகச் செய்ததில் அந்தக் கட்டளை பலிக்காது. முதலில் கிளிக் செய்து விரித்து, பிறகு வேண்டிய வரியைக் கிளிக் செய்ய வேண்டும். ஓசூர் கதை இங்கே திரும்ப வரும்: பட்டியலில் கஸ்டமர் பெயர் இரண்டு முறை ஒரே மாதிரி இருக்கும். பெயரை வைத்துப் பிடித்தால், இரண்டு பொருந்துகிறது, எது என்று தெரியவில்லை என ப்ளேரைட் நின்றுவிடும். பிழையைப் போக்க 'ஃபர்ஸ்ட்' (முதலாவதை எடு) என்று சேர்த்துவிடுவது புதியவர்களின் வழக்கம். எல்லா பில்லும் பொம்மசந்திராவுக்கே போகும். பெயருக்குப் பதில் ஜிஎஸ்டி எண்ணை வைத்துப் பிடியுங்கள்.

டிக் பெட்டிக்கு 'கிளிக்' வேண்டாம், 'செக்' போடுங்கள். ஏற்கெனவே டிக் இருந்தால் கிளிக் அதை எடுத்துவிடும். செக் அப்படியே விட்டுவிடும். பிடிஎஃப் இணைக்க 'செட் இன்புட் ஃபைல்ஸ்'. கோப்பைத் தேர்ந்தெடுக்கும் விண்டோஸ் ஜன்னலோடு மல்லுக்கட்ட வேண்டியதே இல்லை. பிடிஎஃப்பின் பெயரும் இன்வாய்ஸ் எண்ணும் ஒன்றாக இருந்தால் எதற்கு எது என்று குழம்பாது. இன்வாய்ஸ் எண்ணில் சாய்கோடு இருந்தால் மட்டும் கோப்புப் பெயரில் அதைக் கோடாக மாற்றிக்கொள்ளுங்கள்.

காத்திருப்புக்கு 'மூன்று வினாடி தூங்கு' என்று எழுதாதீர்கள். போர்ட்டல் சுறுசுறுப்பாக இருக்கும் காலையில் அது வீண். மாதக் கடைசி மாலையில் அது போதாது. எது வர வேண்டுமோ அதற்குக் காத்திருங்கள்: சுழலும் வட்டம் மறையும் வரை, அல்லது வரிப் பெட்டியில் எண் வரும் வரை. பெட்டியைத் தேடி இயல்பாக 30 வினாடி காத்திருந்துவிட்டுத்தான் ப்ளேரைட் கைவிடும்.

ஒரு பக்கத்தின் எல்லாப் பெட்டியும் நிரம்பியதும் 'இன்புட் வேல்யூ' கட்டளையால் ஒவ்வொன்றையும் திரும்பப் படித்து ஷீட்டோடு ஒப்பிடுங்கள். சட்டென்று முடிந்துவிடும் வேலை. பிளான்ட் மாற்றியதில் காலியான தேதி, வெட்டுப்பட்ட பெயர் எல்லாம் இங்கே சிக்கும். 118000.00 என்று கொடுத்ததை போர்ட்டல் 1,18,000.00 என்று அழகுபடுத்தியிருக்கலாம். ஒப்பிடும் முன் கமாவை எடுத்துவிடுங்கள்.

8. சப்மிட்டுக்கு முன் நிறுத்துங்கள்

ஷீட்டின் முதல் சில வரிகளுக்கு ஸ்கிரிப்ட் சப்மிட் பட்டனைத் தொடவே கூடாது. நிரப்பிவிட்டு 'பேஜ் பாஸ்' கட்டளையில் நிற்கட்டும். நீங்கள் கண்ணால் பார்த்து, கையால் அழுத்துங்கள். ஒரு பொம்மசந்திரா பில், ஒரு ஓசூர் பில், ஒரு நீளமான பெயர், பைசா உள்ள ஒரு தொகை என்று விதவிதமான வரிகளை இதற்குத் தேர்ந்தெடுங்கள். ஒரே மாதிரி பத்து வரியைப் பார்ப்பதில் புதிதாக ஒன்றும் தெரியாது.

பட்டனையும் ஸ்கிரிப்ட்டிடம் விட்ட பிறகு வரும் புகார் ஒன்று உண்டு: "அண்ணா, எர்ரர் எதுவும் வரலை, ஆனா போர்ட்டல்ல ஒண்ணுகூட ஏறலை." பெரும்பாலும் காரணம் இதுதான். சப்மிட் அழுத்தியதும் 'நிச்சயமாகவா?' என்று பிரவுசர் ஒரு சின்னப் பெட்டியில் கேட்கும். அந்தப் பெட்டிகளுக்கு என்ன பதில் என்று நீங்கள் சொல்லாவிட்டால் ப்ளேரைட் தானாகவே 'கேன்சல்' கொடுத்துவிடும். ரெக்கார்டர் எழுதித் தரும் வரியிலும் 'டிஸ்மிஸ்' என்றே இருக்கும். சப்மிட்டுக்கு முந்தைய வரியில் 'டயலாக்' வந்தால் 'அக்செப்ட்' செய் என்று எழுத வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் அக்செப்ட் செய்யாமல், பெட்டியில் இருக்கும் வாசகத்தைப் படித்து, எதிர்பார்த்த கேள்வியாக இருந்தால் மட்டும் சம்மதிக்கச் சொல்லுங்கள். 'இந்த இன்வாய்ஸ் எண் ஏற்கெனவே உள்ளது, தொடரவா?' என்பதும் அதே மாதிரிப் பெட்டியில்தான் வரும்.

பட்டனை அழுத்தியதோடு வேலை முடிந்தது என்று எழுதக் கூடாது. திரையில் அக்னாலெட்ஜ்மென்ட் எண் வந்து, அதைப் படித்து எடுத்தால்தான் அந்த வரி முடிந்தது.

9. ஒவ்வொரு வரிக்கும் பதிவு

பாதியில் பெஸ்காம் கரண்ட் போகும், இல்லை வைஃபை போகும். மறுபடி ஓட்டும்போது எங்கிருந்து தொடங்குவது? பதிவு இல்லையென்றால் முதல் வரியிலிருந்து ஓட்டி, ஒரே பில்லை இரண்டு முறை ஏற்றிவிட்டு, பர்ச்சேஸ் ஆபீஸரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டி வரும்.

சப்மிட் அழுத்துவதற்கு முன் 'தொடங்கியது' என்றும், அக்னாலெட்ஜ்மென்ட் வந்ததும் 'முடிந்தது' என்று அந்த எண்ணோடும் எழுதுங்கள். முன்பே எழுதுவதற்குக் காரணம், பட்டனை அழுத்தியதற்கும் எண் வந்ததற்கும் நடுவில் நெட் போனால் பில் ஏறியதா இல்லையா என்று ஸ்கிரிப்ட்டுக்குத் தெரியாது. 'தொடங்கியது' என்று மட்டும் நிற்கும் வரியை ஸ்கிரிப்ட் தானாக மறுபடி முயலக் கூடாது. போர்ட்டலில் போய்த் தேடிப் பார்த்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். 'முடிந்தது' வரிகளைத் தாண்டிச் செல்லும்படி லூப்பின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

இந்தப் பதிவை மூல ஷீட்டில் எழுதாமல் தனி சிஎஸ்வி கோப்பில் எழுதுங்கள். யாராவது எக்செல்லைத் திறந்து வைத்திருந்தால் விண்டோஸ் அதில் எழுத விடாது. சரியாக நடுவில் ஸ்கிரிப்ட் நின்றுபோகும். சப்மிட்டுக்கு முன் ஒரு ஸ்கிரீன்ஷாட்டை இன்வாய்ஸ் எண்ணின் பெயரில் சேமித்தால் பிற்பாடு எழும் வாக்குவாதங்களுக்கு உதவும்.

10. இன்னும் வேகம் வேண்டுமென்றால்

நிரப்புவது ஏற்கெனவே கண் இமைக்கும் நேரம்தான். மிச்சம் எல்லாம் போர்ட்டல் யோசிக்கும் நேரம். அதைக் குறைக்க நான்கு டேபில் ஒரே சமயம் ஓட்டலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். பல போர்ட்டல்கள் பாதி நிரப்பிய ஃபார்மை லாகினோடு சேர்த்து சர்வரில் வைத்திருக்கும். ஒரு டேபின் பி.ஓ. இன்னொரு டேபின் இன்வாய்ஸோடு ஒட்டிக்கொள்ளும். சர்வரைத் திணறடித்து லாகின் முடங்கும் அபாயம் வேறு. வரிக்கு வரி ஓரிரு வினாடி இடைவெளியும் விடுங்கள்.

பலன் தரும் வழிகள் வேறு. ஒரே பிளான்ட்டின் பில்களை ஷீட்டில் அடுத்தடுத்து அடுக்குங்கள். போர்ட்டல் முந்தைய தேர்வை நினைவில் வைத்திருந்தால் அந்தக் காத்திருப்பு மிச்சம். ஒவ்வொரு அசைவையும் மெதுவாக்கச் சோதனைக்காகப் போட்ட 'ஸ்லோ மோ'வை எடுத்துவிட்டீர்களா என்றும் பாருங்கள். மாதத்தின் கடைசி இரண்டு நாளில் எந்த போர்ட்டலும் நத்தைதான். 25-ஆம் தேதிக்குள் ஏற்றிவிட்டால் அதைவிடப் பெரிய வேகம் கிடையாது.

11. நின்றுபோனால் எங்கே தேடுவது

'டைம்அவுட்' என்று வந்தால் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதற்கு முன் அந்த நொடியின் ஸ்கிரீன்ஷாட்டைப் பாருங்கள். குக்கீ அறிவிப்போ, பராமரிப்பு அறிவிப்போ பட்டனை மறைத்துக்கொண்டு நிற்கும். அல்லது லாகின் காலாவதியாகி முதல் பக்கத்தில் நிற்கும். அரை மணி காத்திருந்தாலும் அந்தப் பெட்டி வராது.

'ஸ்ட்ரிக்ட் மோட்' என்று தொடங்கும் பிழைக்கு, ஒன்றுக்கு மேற்பட்ட பெட்டி பொருந்துகிறது என்று பொருள். கூடுதல் அடையாளம் சேருங்கள். 'ஃபர்ஸ்ட்' போட்டுத் தப்பிக்காதீர்கள்.

பிரவுசர் கன்சோலில் ஜாவாஸ்கிரிப்ட் ஒட்டி நிரப்பிப் பார்த்தவர்களுக்கு இன்னொரு குழப்பம் வரும்: பெட்டியில் எழுத்து தெரிகிறது, ஆனால் சப்மிட் அழுத்தினால் 'கட்டாயம் நிரப்பவும்' என்கிறது. ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் கட்டிய ஃபார்ம் தன் கணக்கைத் தனியாக வைத்திருக்கும். மதிப்பை மட்டும் மாற்றினால் அதற்குச் செய்தி போகாது. ப்ளேரைட்டின் 'ஃபில்' அந்தச் செய்தியையும் சேர்த்து அனுப்புவதால் கன்சோல் வழியை விட்டுவிடலாம்.

எதுவும் பிடிபடவில்லை என்றால் 'ட்ரேசிங்' போட்டு ஒரே ஒரு வரியை ஓட்டுங்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னும் பின்னும் திரை எப்படி இருந்தது என்பதை ட்ரேஸ் வியூவரில் தள்ளித் தள்ளிப் பார்க்கலாம். போர்ட்டல் புதுத் தோற்றத்துக்கு மாறியிருந்தால் முழு ஸ்கிரிப்ட்டையும் தூக்கிப் போட வேண்டாம். உடைந்த பக்கத்தை மட்டும் மறுபடி ரெக்கார்ட் செய்து அந்த வரிகளை மாற்றுங்கள். மாற்றியபின் எட்டாம் படியிலிருந்து, சப்மிட்டைத் தொடாமல், மறுபடி தொடங்குங்கள். பழைய ஸ்கிரிப்ட்டைத் தேதி போட்டு வைத்திருங்கள். புதுத் தோற்றத்தை நான்கு நாளில் திரும்பப் பெற்றுக்கொள்ளும் போர்ட்டல்களும் இருக்கின்றன.